ஏழாவது கட்டளையை நான் மொழிபெயர்த்த நாள்

என் கணவருக்கு ஆங்கிலம் வராது. கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவருக்கு மலாய் போதும். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க ஆங்கிலம்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வகுப்பில் அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க நான் உட்கார வேண்டியதாயிற்று.

வகுப்பு கைப்பேசியில் நடக்கும். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு யூத மதகுரு பாடம் எடுப்பார். ரபாய் என்று கூப்பிடுவோம். துறைமுக வாசலில் லோரி வரிசையில் காத்துக் கிடக்கும்போது வீடியோ பார்த்துப் பார்த்து என் கணவர் அவரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த மனிதர் யாரையும் யூதராக மாறச் சொன்னதில்லை. பெருவெள்ளத்தில் தப்பிய நோவாவின் வம்சம்தான் எல்லா மனிதரும், அந்த எல்லோருக்குமாகக் கடவுள் ஏழு கட்டளைகள் வைத்திருக்கிறார், நீங்கள் அதைக் காத்தால் போதும் என்பார். சிலையை வணங்கக் கூடாது, கடவுளைத் தூற்றக் கூடாது, கொலையும் களவும் முறைகெட்ட உறவும் கூடாது, உயிரோடிருக்கும் மிருகத்திடமிருந்து பிய்த்த சதையைத் தின்னக் கூடாது. ஏழாவதாக, நியாயம் கேட்க நீதிமன்றம் வேண்டும்.

எங்கள் அடுக்குமாடியில் யூதர் என்ற சொல் யார் காதிலாவது விழுந்தால் வம்பு என்று வகுப்பு தொடங்கும் முன் ஜன்னல்களை அடைத்துவிடுவார். எதிர்வீட்டு மலாய் முஸ்லிம்களை நினைத்துத்தான் அவருக்கு அதிகப் பயம்.

எனக்கு முதலில் சந்தோஷம்தான். வகுப்பில் சேர்ந்த சில வாரங்களிலேயே குடியை நிறுத்திவிட்டார். அதுவரைக்கும் அவர் என்னை அடிப்பதற்குக் குடிதான் காரணம் என்று என் அப்பா, கோயில் தலைவர் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். குடி போன பிறகுதான் தெரிந்தது. குடித்துவிட்டு அடிக்கும்போது பாதி அடி சுவரில் போய் விழும். தெளிவாக இருக்கிறவன் அடித்தால் ஒன்றுகூடத் தவறாது.

சிலை வணக்கத்தைப் பற்றிய பாடத்தை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியபோது அவர் சாமி மேடையிலிருந்து முருகன் படத்தை எடுத்துச் சமையலறைத் தொட்டியின் விளிம்பில் ஓங்கி அடித்தார். கண்ணாடி சிதறியது. பிடுங்கப் போன என் கையை மணிக்கட்டோடு பிடித்து, தொட்டிக்குள் கிடந்த கண்ணாடித் துண்டுகள் மேல் வைத்து அழுத்தினார். கத்தவில்லை, திட்டவுமில்லை. ஆணி அடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அழுத்தினார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதும் அவர்தான்.

அதற்கடுத்து நண்டு. காலையில் பாசாரிலிருந்து உயிர் நண்டு வாங்கி வந்திருந்தேன். கழுவி, எல்லோரும் செய்கிற மாதிரி காலை முறுக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து என் வலது கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய் மேலே தூக்கினார். தோளுக்குள் ஏதோ தன் இடத்தை விட்டுப் போவதை உணர்ந்தேன். கண் இருட்டியது.

"வலிக்குதா? அதுக்கும் இப்படித்தான் வலிக்கும். உயிரோட இருக்கறதைப் பிய்க்கக் கூடாதுன்னு நீதானே படிச்சுச் சொன்ன" என்றார்.

என் முகத்தைத் தொட்டியில் அமுக்கினார். நண்டுகள் கன்னத்துக்கருகே ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்று என் உதட்டைக் கவ்வியது. அதை அவர் எடுத்துவிடவில்லை.

ஆஸ்பத்திரியில் தோளைப் பழையபடி உட்காரவைத்துக் கட்டுப் போட்டார்கள். படியில் விழுந்துவிட்டதாக அவர் டாக்டரிடம் சொன்னார்.

ஞாயிறு வந்தது. கைப்பேசியை மைலோ டின்னில் சாய்த்து வைத்து, வழக்கம்போல் உட்கார்ந்தோம். திரையில் ரபாயோடு இன்னும் சில முகங்கள், அதில் பூச்சோங்கிலிருந்து வரும் ஓர் அக்கா. ரபாய் பாடத்தைத் தொடங்காமல் என் கட்டைப் பார்த்தார். கைக்கு என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கேட்டதை என் கணவரிடம் சொன்னேன்.

"படியில விழுந்துட்டேன்னு சொல்லு" என்றார்.

அதைத்தான் சொல்லப் போனேன். ஆனால் வாயிலிருந்து வேறு வந்தது. பாடத்தை மொழிபெயர்க்கும் அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், நண்டையும் தோளையும் சொன்னேன். கண்ணாடியையும் சொன்னேன். பக்கத்தில் இருக்கும் மனிதர்தான் இதைச் செய்தார் என்றும் சொன்னேன். யாரோ மூன்றாம் மனுஷியின் கதையைச் சொல்வதுபோல் இருந்தது.

ரபாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு பேசினார்.

"என்ன சொல்றாரு?" என்றார் என் கணவர்.

நான் வரிவரியாகச் சொன்னேன். "அந்தக் கட்டளையில நண்டு சேராதாம். சேர்ந்தாலும் அதுக்காக ஒரு பொம்பளை கையை முறுக்க எந்தக் கட்டளையும் இல்லையாம். இன்னொருத்தர் மேல கையை ஓங்கினாலே, அடிக்காட்டியும், அவன் கெட்டவன்தானாம். ஏழாவது கட்டளை எனக்காக இருக்குதாம். நான் இப்பவே எழுந்து போலீசுக்குப் போகணுமாம். நீங்க தடுத்தா கட்டளையை மீறினது நீங்கதானாம்."

அவர் நம்பவில்லை. நானாகச் சேர்த்துச் சொல்கிறேன் என்று நினைத்தார். திரையைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ட்ரூ?" என்று கேட்டார். ரபாய், "ட்ரூ" என்றார்.

என் கணவர் என் கொண்டையைப் பிடித்து நெற்றியை மேசை விளிம்பில் மோதினார். மறுபடியும் மோதினார். கைப்பேசி விழுந்தது. ரபாய் நிறுத்து நிறுத்து என்று அலறுவது தரையிலிருந்து கேட்டது. பூச்சோங் அக்கா அழுவதும் கேட்டது. அவர் காலால் கைப்பேசியை மிதித்தார். சத்தம் நின்றது. அப்புறம் அந்தக் கால் என் விலாவுக்கு வந்தது. ரத்தம் கண்ணில் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. கட்டுப் போட்ட கையை எங்கே ஒளிப்பது என்பது மட்டும்தான் யோசனை.

கதவைத் தட்டினார்கள். தட்டவில்லை, இடித்தார்கள். எதிர்வீட்டு அக்காவும் அவள் புருஷனும். கிரில்லைத் திறக்காவிட்டால் உடைப்பேன் என்று அவள் புருஷன் மலாயில் சொன்னார். என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தார். அவள் உள்ளே வந்து என்னைத் தூக்கினாள். தன் தலையில் கட்டியிருந்த துணியையே அவிழ்த்து என் நெற்றியில் வைத்து அமுக்கினாள். அந்நிய ஆண் ஒருவன் எதிரில் நிற்கிறான் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

அவள்தான் காரில் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனாள். எதற்குச் சண்டை என்று அதிகாரி கேட்டார். கட்டளை, வகுப்பு, ரபாய் எதையும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "கெத்தாம்" என்றேன். நண்டு. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையே புகாரில் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு, என் கணவர் என்னை நெருங்கக் கூடாதென்று பாதுகாப்பு உத்தரவு வந்தது. நான் சுங்கை வேயில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். உத்தரவை மதிக்காமல் ஒரு முறை அங்கேயும் வந்து, வாசலில் என் மச்சானை இரும்புக் குழாயால் அடித்தார். மச்சானுக்குத் தாடை பிசகியது. அந்த அடிக்கும் சேர்த்துத்தான் வழக்கு நடந்தது. நீதிமன்றத்தில் அவருக்கு மொழிபெயர்க்க வேறோர் ஆள் நின்றார். நான் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போனார். விவாகரத்தும் ஆயிற்று. இப்போது வெளியே வந்து கிள்ளான் பக்கம் மேருவில் தன் தம்பியோடு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

வழக்கு முடிந்த சமயத்தில் ரபாய் பூச்சோங் அக்காவிடம் எண் வாங்கி என்னைக் கூப்பிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. என் சாமி படத்தை உடைக்க நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். இல்லை, அவர் தன் வரைக்கும் சிலையை விலக்கத்தான் சொன்னேன் என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"விளக்கேற்றுகிற மனைவியோடு எப்படி வாழ்வது என்று நான் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அது என் தப்பு" என்றார்.

வகுப்புக்குத் திரும்பி வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு முருகன் போதும். ஆனால் போலீசுக்குப் போ என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். என் அப்பா சொல்லவில்லை, கோயில் தலைவர் சொல்லவில்லை, தோளை உட்காரவைத்த டாக்டரும் சொல்லவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டு பேரும் நல்லபடியாகப் பேசிப் போனை வைத்தோம்.