இறக்கை எங்கே முதலில் கைவிடும்?

மறுமதிப்பீடு கேட்டு மனு போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் இப்படிப்பட்ட விதிகளை நானே டைப் அடித்திருக்கிறேன். பதில் போட்டேனா? அதை விடுங்கள்.

பக்கத்து வீட்டு மருமகள் ஜின்சி, ஏரோநாட்டிகல் படித்தவள். கல்யாணம், குழந்தை எல்லாம் ஆனபிறகும் ஒரே ஒரு அரியர் பாக்கி. கடைசி வாய்ப்பில் எழுதினாள். இரண்டு மார்க்கில் போயிற்று! பட்டமே கைநழுவும் நிலை.

விடைத்தாள் நகலைக் கொண்டுவந்தாள். விமானம் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், இறக்கையின் மேல் படிந்து ஓடும் காற்று பிய்த்துக்கொள்ளும். தூக்கி நிறுத்தும் விசை போய்விடும். அதுதான் ஸ்டால். நேர்ச் செவ்வக இறக்கையில் அது எங்கே தொடங்கும்? இதுதான் கேள்வி. உடம்பை ஒட்டிய அடிப்பகுதியில் என்று எழுதியிருந்தாள். மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"நுனி கடைசி வரை தாங்கும் அங்கிள். பைலட்டுக்க கையில பிடி இருக்கும். நுனி ஒடுங்கின இறக்கைதான் நுனிப்பக்கம் முதல்ல கைவிடும், ஒரு பக்கமா சரியும். பேப்பர் திருத்தினவங்க ரெண்டையும் மாத்திப் போட்டிருக்காவ."

மாமியார் ரோஸ்லெட் குறுக்கே புகுந்தார். "ஏட்டி, அதைக் காத்துகிட்டயே கேட்டா என்ன? ஆரல்வாய்மொழியில சும்மாதான அடிக்கு!"

கேட்டோம். காற்றாலைகள் ஓயாமல் சுழலும் அந்தக் கணவாய்க்கு மூவரும் ஆட்டோவில் போனோம். தெர்மோகோலில் இரண்டு இறக்கை — ஒன்று நேர், ஒன்று நுனி ஒடுங்கியது. உடம்புக்குப் பதிலாக ஓர் அட்டைப்பெட்டி. மேலே வரிசையாகக் கம்பளி நூல் ஒட்டியிருந்தாள். காற்றுக்கு எதிரே மெல்ல மெல்ல நிமிர்த்தினாள். நேர் இறக்கையில் பெட்டியை ஒட்டிய நூல்கள் முதலில் துள்ளின. நுனி நூல்கள் படிந்தே கிடந்தன. மற்றதில் நுனிப்பக்கம்தான் முதல் ஆட்டம்!

"பாத்தியளா சார்!" மொபைல் பிடித்தவர் ரோஸ்லெட். வீடியோ முழுக்க அவர் குரல்தான்.

மனிதரிலும் இந்த இரண்டு ரகம் உண்டு. ஒய்யாரமானவர்கள் சட்டென்று கவிழ்வார்கள். நேர்க்கட்டையானவர்கள் முதலில் குலுங்கிக் காட்டி, சுதாரிக்க நேரம் தருவார்கள். ஜின்சி இரண்டாவது ரகம்.

மனுவை நான் எழுதினேன். பாடநூல் பக்கம் இணைப்பு ஒன்று, வீடியோ இணைப்பு இரண்டு.

"வீடியோ வைக்க விதியில்லை" என்றார் பல்கலைக்கழகத்திலிருந்து போனில் ஒருவர்.

"வைக்கக்கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது?"

மனுவை வீடியோவோடு பெற்றுக்கொண்டார்.

முப்பது நாள் போயிற்று. இன்னொரு முப்பதும் நகர்ந்தது. பிறகு வந்தது ஒரு கடிதம்: விடை சரி, இரண்டு மதிப்பெண் சேர்க்கப்படுகிறது, தேர்ச்சி. அதை வாசித்துவிட்டு ஜின்சி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். ரோஸ்லெட் தெருவுக்கே கேட்கும்படி ஜெபம் செய்தார்.

அன்று செப்டம்பர் நான்கு, ஓணத்துக்கு முந்தின நாள். எங்கள் தெருவுக்கு மட்டும் ஓணம் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.