கேள்வி எண் 64-ஐக் கேட்கத் தாம்பரத்திலிருந்து டெல்லிக்கு

டெல்லிக்கு இதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து, எல்லோரும் வாங்கும் ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். போன டிசம்பரில் போனது வேறு காரியத்துக்கு. மக்களவையில் ஒரு புதன்கிழமைக் கேள்வி நேரத்தில், எங்கள் ஏரியா ரயில்வே கேட்டைப் பற்றிய கேள்வி பட்டியலில் வந்திருந்தது. பதிலை நேரில் உட்கார்ந்து கேட்க நானும் தனம் அக்காவும் போனோம். நாடாளுமன்றம் பார்க்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். கோட்டை, கல்லறை, கடைவீதி எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இதில் ஒன்றும் வராது.

முதலில் கேட் கதை. தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் காலனிக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. சுரங்கப்பாதை வரப்போகிறது என்று சொல்லி அதை மூடினார்கள். மூடியது மூடியபடி இருக்கிறது, சுரங்கப்பாதை வரவில்லை. வண்டி வைத்திருப்பவர்கள் மேம்பாலத்தில் இரண்டரை கிலோமீட்டர் சுற்றிப் போகிறோம். நடந்து வருபவர்கள் சுவர் இடிந்த சந்து வழியாகத் தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள். மீன்கூடையோடு வருபவர்களும் அப்படித்தான், கூடையைப் பார்த்தால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் அல்லவா? தனம் அக்காவும் அவள் தங்கை செல்வியும் கடலோரக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, பள்ளிக்கரணை வழியாக வந்து எங்கள் தெருக்களில் மீன் விற்றவர்கள். ஒரு நாள் காலை அக்கா முன்னால் தாண்டிவிட்டாள். பின்னால் வந்த செல்வி வரவில்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

எங்கள் எம்.பி. அதைக் கேள்வியாகச் சபைக்குக் கொடுத்தார். எழுதிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. நூற்றுக்கணக்கில் வரும் கேள்விகளைக் குலுக்கிப் போட்டு, ஒரு நாளைக்கு இருபதை மட்டும் நட்சத்திரக் கேள்வியாக எடுக்கிறார்கள். எழுத்துப் பதில் இருபதுக்கும் வந்துவிடும். ஆனால் எம்.பி. எழுந்து துணைக் கேள்வி கேட்பதும், அமைச்சர் நின்று பதில் சொல்வதும் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை முடிகிறதோ அத்தனைக்குத்தான். பெரும்பாலும் ஐந்தாறு. எங்களுடையது எண் 64, அன்றைய பட்டியலில் நான்காவது. “எப்போது முடிப்பீர்கள்?” என்று கேட்டு, அமைச்சர் சபையில் ஒரு தேதி சொல்லிவிட்டால் அது வாக்குறுதி. நிறைவேறியதா என்று துருவிப் பார்க்கத் தனியாக ஒரு குழுவே இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது அந்தத் தேதி மட்டும்தான்.

நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். லீவ் போட்டேன். எங்கள் காலனிச் சங்கத்திலிருந்து நான்கு பேர் வருவதாக இருந்து, கடைசியில் மூன்று பேருக்கு முதுகுவலி, கல்யாணம், மாமியார். தனம் அக்கா வருகிறேன் என்றபோது நான் தயங்கியது உண்மை. டெல்லிக் குளிர், இந்தி, படிக்கட்டு என்று அடுக்கினேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “அந்த மந்திரி சொல்றத எங்காதால கேக்கணும் டீச்சர். அப்பால நீ இன்னா வேணா சொல்லு.” இரண்டு டிக்கெட்டாகப் போட்டேன்.

திங்கள் மாலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையம் வரை பத்து ரூபாய். எதிரே சென்ட்ரல். இரவு பத்து மணி எக்ஸ்பிரஸ், தட்கலில் ஸ்லீப்பர் ஒருவருக்கு ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். சுமார் 2,180 கிலோமீட்டர், முப்பத்திரண்டரை மணி நேரம். புதன் காலை ஆறரைக்குப் புதுடெல்லி, பதினொரு மணிக்குச் சபை. நடுவில் நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். டிசம்பர் மாத வடக்கு ரயிலை நம்பி நிம்மதியாக இருந்த முட்டாள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செவ்வாய் பகல் நன்றாகவே ஓடியது. நான் கட்டிக்கொண்டு வந்த புளிசாதம், அக்கா கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டு வறுவல். எதிர் சீட்டு ஆந்திரக் குடும்பம் முதலில் மூக்கைப் பொத்தியது, பிறகு கேட்டு வாங்கித் தின்றது. புதன் விடிந்தபோது ஆக்ராவைத் தாண்டி ஏதோ ஒரு வயலில் வண்டி நின்றிருந்தது. வெளியே சுண்ணாம்பு அடித்தது போலப் பனி. ஏழு மணி. ஏழேமுக்கால். நகரவில்லை.

“இன்னா டீச்சர், வண்டி நின்னுகினே கீது?”

“பனிக்கா. சிக்னல் தெரியாது.”

“நமக்கு முன்னாடி அந்தக் கேள்விய கேட்டுட மாட்டானுங்களே?”

மாட்டார்கள் என்று சொன்னேன். புதுடெல்லியில் கால் வைத்தபோது மணி ஒன்பது ஐம்பது. குளியல், டிபன் எல்லாம் போச்சு. பிளாட்பாரக் குழாயில் முகம் கழுவினோம். தண்ணீரில் கை வைத்த அக்கா, மீன் பெட்டியில் போடுகிற ஐஸே தேவலை என்றாள்.

மெட்ரோவில் போவதுதான் புத்திசாலித்தனம், மத்தியச் செயலகம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். பையைச் சோதிக்கும் வரிசை நீளமாக இருந்ததால் நாங்கள் ஆட்டோ பிடித்தோம். நாலைந்து கிலோமீட்டருக்கு இருநூறு கேட்டார். என்னுடைய இந்தி, பள்ளி நாளில் டியூஷன் போய் நான்கு பரீட்சை எழுதிய இந்தி. அதில் பேரம் பேச வராது, பேசவும் நேரமில்லை. நாடாளுமன்றம் என்றதும் டிரைவர் அக்காவைக் கண்ணாடியில் பார்த்து, “அம்மா எம்.பி.யா?” என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். “நானா இருந்தா இந்நேரம் பாலமே கட்டிருப்பேன்னு சொல்லு,” என்றாள். கட்டிடத்துக்கு வெகுதூரத்திலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். மீதி ஓட்டமும் நடையும்.

பார்வையாளர் அனுமதிச் சீட்டு எம்.பி. கையெழுத்தோடு முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். அதில் நேரம் போட்டிருக்கும். எங்களுடையது பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. அசல் ஆதார் அட்டை கட்டாயம். போன், பை, பேனா, தண்ணீர் பாட்டில் எதுவும் உள்ளே போகாது. அக்காவின் சுருக்குப்பையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று இடத்தில் சோதனை. மாடத்தில் உட்காரும்போது பத்து ஐம்பத்தெட்டு. கால்மேல் கால் போடக்கூடாது, முன்னால் சாயக்கூடாது, கையைக் காட்டக்கூடாது, பேசக்கூடாது. வரிசைக்கு ஒருவர் நின்று நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டி.வி.யில் பார்ப்பதைவிடச் சபை பெரியது, பச்சைக் கம்பளம் விரித்தது. சபாநாயகர் வந்ததும் எல்லோரும் எழுந்து வணங்கி உட்கார்ந்தார்கள். எங்கள் எம்.பி. நான்காவது வரிசையில் இருந்தார். கையில் காகிதம். அக்காவின் முழங்கையை மெல்லத் தொட்டுக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது.

கேள்வி எண் 61 என்று சபாநாயகர் சொல்லி முடிக்கவில்லை, எதிர்க்கட்சிகள் எல்லாம் எழுந்துவிட்டன. வேறொரு விவகாரத்தை உடனே விவாதிக்க வேண்டுமாம். பதாகைகளோடு சபாநாயகரின் மேடைக்கு முன்னால் உள்ள இடத்துக்கு இறங்கினார்கள். கூச்சல் காதைக் கிழித்தது. எங்கள் எம்.பி. எங்கே என்று தேடினேன். அவர் அங்கேதான் இருந்தார், முன் வரிசையில், பதாகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு.

இப்படிக் கத்தினால் சபையை ஒத்திவைத்துவிடுவார்கள் என்றுதான் பயந்தேன். சபாநாயகர் அப்படிச் செய்யவில்லை. சத்தத்துக்கு நடுவிலேயே நடத்தினார். 61-க்கு அமைச்சர் பதில் சொன்னார். 62 கேட்க வேண்டியவர் இடத்தில் இல்லை, தாண்டியது. 63 ஆளுங்கட்சிக்காரருடையது, இரண்டே நிமிடம். வழக்கமாக முக்கால் மணி நேரம் ஆகும் இடத்துக்குப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டோம். நம் கேள்வி வரப்போகிறது, ஆள் தன் இடத்தில் இல்லை.

64. சபாநாயகர் எங்கள் எம்.பி.யின் பெயரைச் சொன்னார். காலி இருக்கையைப் பார்த்தார். எம்.பி.க்குக் கேட்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பதாகை இறங்கியது. தன் இடத்தைப் பார்த்து இரண்டடி வைத்தார். முன்னால் நின்ற அவர் கட்சியின் மூத்தவர் திரும்பிப் பார்த்தார். எம்.பி. நின்றார். போய்யா, போய் உட்கார், ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்து எவ்வளவு வேண்டுமானாலும் கத்து என்று எனக்குள் அலறினேன். மாடத்திலிருந்து குரல் எழுப்பினால் தூக்கி வெளியே போடுவார்கள். போட்டால்தான் என்ன என்று இன்று தோன்றுகிறது.

பதாகை மறுபடி மேலே போனது. சபாநாயகர் 65 என்றார். அதற்கும் ஆளில்லை. சபை பன்னிரண்டு மணி வரை ஒத்திவைக்கப்பட்டது.

எல்லோரோடும் எழுந்தோம். வெளி நடையில் அக்கா கேட்டாள்: “நம்ம கேள்வி எப்போ வரும் டீச்சர்? திரும்பி உள்ள வுடுவாங்களா?”

வந்து போய்விட்டது என்று சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். “அவரு நின்னுகினு இருந்தாரே, அப்பவா?” என்று மட்டும் கேட்டாள். அவளும் பார்த்திருக்கிறாள்.

வரவேற்புக் கூடத்தில் எம்.பி. எங்களைத் தேடி வந்தார். வராமல் இருந்திருக்கலாம், வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் மரியாதையாகப் பேசவில்லை.

“நாலாவது நம்பர் உங்களுதுன்னு தெரியும்ல சார்? முன்னாடி போய் நின்னீங்களே!”

“கட்சி முடிவு டீச்சர். எல்லாரும் இறங்கறப்ப நான் மட்டும் சீட்ல உக்கார முடியாது.”

“பின்னாடி நின்னிருக்கலாமே. எழுந்து வர்றதுக்காவது வசதியா இருந்திருக்கும்.”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “உங்க சங்கக் கூட்டத்துலதானே டீச்சர் கேட்டாங்க? மத்த எம்.பி.ங்கள்லாம் சிங்கம் மாதிரி கர்ஜிக்கிறாங்க, உங்கள டி.வி.ல காணவே காணோமே, தூங்கறீங்களான்னு? எல்லாரும் கை தட்டினீங்களே. கேமரா முன் வரிசைக்குத்தான் வரும்.”

நானும்தான் கை தட்டினேன். வாட்ஸ்அப்பில் யாரோ கர்ஜிக்கும் வீடியோவை மூன்று குரூப்புக்கு அனுப்பியவளும் நான்தான். எழுத்துப் பதில் வந்திருக்கிறது என்று அவர் ஒரு தாளைக் கொடுத்தார். நிலம் கைக்கு வந்ததும் பணி தொடங்கும் என்று இருந்தது. தேதி இல்லை. கேள்வியின் கடைசிப் பகுதி, அந்த ரயில்வே கேட்டில் நடந்த விபத்துகள் எத்தனை என்பது. அதற்குப் பதில்: கேட் மூடப்பட்டுவிட்டதால் அங்கு கேட் விபத்து எதுவும் இல்லை.

“இன்னா போட்டுக்கீது?” என்றாள் அக்கா. நான் முழுசாகப் படித்துச் சொன்னேன்.

“இல்லன்னா? செல்வி?”

எம்.பி.தான் விளக்கினார். மூடிய கேட்டில் தண்டவாளத்தைத் தாண்டினால் அது கேட் விபத்துக் கணக்கில் வராதாம். அத்துமீறி நுழைந்தவர்கள் என்று வேறு கணக்கில் போகுமாம். கேள்வியை அப்படித் தனியாகக் கேட்டிருக்க வேண்டுமாம். கேள்வியை எழுதியது எங்கள் சங்கம். படித்தவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து, நான் எழுத்துப்பிழை திருத்தி அனுப்பியது.

தனம் அக்கா சத்தம் போடவில்லை. “எந் தங்கச்சி அதுல வர்ற மாதிரி ஒரு கேள்வி எழுது சார். தேதி அப்பால சொல்லட்டும்,” என்றாள். எம்.பி. தலையாட்டினார். குலுக்கலில் மறுபடி வருமா, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்றும் அவரே சொன்னார்.

அன்று இரவே திரும்பும் ரயில். எனக்கு எம்.பி. மேல் இருந்த கோபம் நாக்பூர் வரைக்கும் தாங்கியது. அதற்கப்புறம் என்மேல் திரும்பிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பரில் போனால் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். தங்க ஒரு நாளைக்கு ஆயிரத்திலிருந்து அறை கிடைக்கும். அனுமதிச் சீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே எம்.பி. அலுவலகத்தில் சொல்லிவையுங்கள், கேள்வி நேரம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அன்றைய கேள்விப் பட்டியல் மக்களவை இணையதளத்திலேயே இருக்கும், படித்துவிட்டுப் போனால்தான் கீழே நடப்பது புரியும். உங்கள் எம்.பி. கத்தவில்லை என்று கேலி செய்யாதீர்கள். துணைக் கேள்வியில் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தொடருக்குப் புதிய கேள்வியைக் கொடுத்திருக்கிறோம். கேட் மூடிய நாளிலிருந்து அந்த இடத்தில் தண்டவாளத்தைத் தாண்டும்போது இறந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தக் கணக்கில் இருந்தாலும் சரி என்று எழுதினோம். போன வாரம் மீனோடு வந்த தனம் அக்காவுக்கு வாசலில் நின்று படித்துக் காட்டினேன்.

“அவ பேரு வராதா?”

“கேள்வியில பேர் எல்லாம் போட மாட்டாங்கக்கா. எண்ணிக்கை வரும்.”

“ஒண்ணுன்னாவது வரட்டும்,” என்றாள்.

கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன். மேம்பாலம் சுற்றிப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத் தெருவில் பத்து மணிக்குள் மீன் கேட்பார்கள். தெருமுனையில் திரும்பி, சுவர் இடிந்த சந்துக்குள் நுழைந்தாள். ரயில் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.