கப்பல் மணி

இலோயிலோ என்னும் துறைமுக ஊரில் சந்தைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரொடேலியோவுக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ன கோளாறுக்காக வந்த பெட்டியானாலும், அதில் கடிகாரம் தப்பாக ஓடினால் கேட்காமலே திருத்திவிடுவான். அது அவன் கொடுக்கும் கொசுறு.

சத்தம் வரவில்லை என்று நெனிதா அக்கா கொண்டுவந்த கம்ப்யூட்டரையும் அப்படித்தான் சரிசெய்து அனுப்பினான். மறுநாளே அதைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“மணிய ஏம்ப்பா மாத்துன?”

“நம்ம ஊரு மணியே இல்லையேக்கா அது. வேற நாட்டுக்காரன் எவனாச்சும் உங்க வீட்ல குடியிருக்கானா?” என்று சிரித்தான்.

“அது ஜோவெலோட கப்பல் மணிப்பா.”

அவள் மகன் ஜோவெல் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். கடல் மாறும்போதெல்லாம் போனில் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் கடிகாரத்தின் செட்டிங்ஸில் எந்த ஊரைத் தொட வேண்டும் என்று சொல்வான். அவன் தூங்கும் நேரத்தில் கூப்பிட்டு எழுப்பிவிடக் கூடாதே என்று அவளும் தவறாமல் மாற்றிவைப்பாள். போன மழைக்காலத்தில் அந்தக் கப்பல் கரைசேரவில்லை.

ரொடேலியோவின் சிரிப்பு நின்றுவிட்டது. “கடைசியா எந்த ஊருன்னு சொன்னான்க்கா?”

“அவன் சொன்னான், நான் தொட்டேன். பேரு வாயில நுழையல. நீ பாத்தியேப்பா, எத்தனை மணி காட்டிச்சு?”

அவன் யோசித்துப் பார்த்தான். தப்பு என்று தெரிந்ததுமே மாற்றியிருந்தான். எத்தனை என்று பார்க்கவில்லை; அதை அவளிடம் சொன்னான்.

“அந்த லிஸ்ட்டத் தொற. எனக்குப் பாத்தாத் தெரிஞ்சுரும்” என்றாள்.

உலகத்து ஊர்களெல்லாம் திரையில் வரிசையாக இறங்கின. அவள் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். வரிசை முடிந்தது.

“மறுபடி மேலேருந்து வாப்பா” என்றாள்.