வெர்னாவின் இருபத்தேழு பலகைகள்

வெர்னா ஹஃப்மன் ஒஹாயோவில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை முப்பது வருஷம் ஓட்டியவள். எந்தப் பிள்ளையும் அவளிடம் வாலாட்டியதில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஊருக்குப் பின்னால் இருக்கும் சதுப்புப் புல்வெளியே கதி என்று கிடந்தாள். அங்கே சேற்று இறால்கள் தோண்டிய வளைகளில் கர்ட்லண்ட் பாம்பு ஒளிந்து வாழ்கிறது. ஒன்றரைச் சாண் நீளம், செங்கல் நிற வயிறு, மண்புழுதான் சாப்பாடு. லேசில் கண்ணில் படாது. ஈரத்துக்கு வந்து ஒண்டட்டும் என்று புல்லில் இருபத்தேழு பழைய பலகைகளைப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தக் கோடையில் புல்வெளியில் மண் கொட்டி வண்டி நிறுத்துமிடமாக்க ஊர்மன்றம் முடிவுசெய்தது. அருகிவரும் அந்தப் பாம்புக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; ஒரே ஒன்றை வனவிலங்கு அதிகாரி பார்த்துவிட்டால் வேலை நின்றுவிடும். ஜூலை மூன்று காலை பத்து மணிக்கு அவர் வருவதாக ஏற்பாடு.

ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்துக்காக நாங்கள் சர்ச் ஆட்கள் இரண்டாம் தேதியே ஊரைக் கூட்டிப் பெருக்கினோம். புல்வெளியில் கிடந்த பலகைகளை அள்ளி என் வண்டியில் போட்ட மடையன் நான்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வெர்னா என் வாசலில் நின்றாள்.

"லாயிடு, என் பலகையெல்லாம் எங்க?"

"குப்பைன்னு நெனச்சேன், வெர்னா."

"அஞ்சு வருஷமா ஒரே எடத்துல கெடந்தது. இப்ப திரும்பப் போட்டா எந்தப் பாம்பு நம்பி வரும்?"

என் வண்டியிலேயே புல்வெளிக்குப் போய், இருவரும் மண்டியிட்டுப் புல்லை விலக்கித் தேடினோம். ஒன்றும் இல்லை. அதிகாரி வந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் வெர்னா என் வண்டியில் ஏறிப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள்.

அடியிலிருந்த இரண்டுக்கும் நடுவே அது கிடந்தது, நாடாபோலத் தட்டையாக. பயந்தால் இந்தப் பாம்பு அப்படித்தான் தட்டையாகும். அந்த நம்பிக்கையில் ஊதிப் பார்த்தேன். அசையவில்லை.

அதிகாரி அளந்தார், வயிற்றோரத்துக் கரும்புள்ளிகளைப் படமெடுத்தார். பலகையை எடுத்த இடத்தைக் காட்டச் சொல்லி என்னிடம் கையெழுத்தும் வாங்கினார். செத்திருந்தாலும் சாட்சி சாட்சிதான், வேலை நிற்கும் என்றார்.

"அப்பாடா, நெலம் தப்பிச்சுது," என்றேன்.

வெர்னா அதன் வயிற்றைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். "உள்ள குட்டிங்க இருக்கு, லாயிடு. அடுத்த மாசம் போட்டிருக்கும்."

அன்று மதியமே பலகைகளைத் தனியாகச் சுமந்து பழைய இடங்களில் போட்டாள். நானும் ஒன்றைத் தூக்கப் போனேன்.

"கைய பாக்கெட்ல வச்சுக்கோ," என்றாள்.