தடம் அழிக்கும் காவலர்

கடற்கரை மணல்மேட்டுக் காவலர் பின்னோக்கி நடக்கிறார். கையில் சவுக்கு மரத்து விளார். ஓர் அடி வைப்பார், எதிரே பதிந்திருக்கும் தன் காலடியை விளாரால் கலைப்பார், அடுத்த அடி. மணல்மேட்டுக்குக் கீழே உப்புக்கொத்திப் பறவை தரையில் முட்டையிட்டிருக்கிறது. "நரிக்கு நாமளே வழி காட்டிட்டு வரக் கூடாதில்ல" என்பார். நரி மோப்பத்தில் வருவது, தடத்தைக் கலைத்தாலும் வாசனை போகாது என்று மகள் விளக்கியிருக்கிறாள். அவள் நில அளவைப் பொறியாளர். "நரி உன்ன மாதிரி படிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டார்.

ஒன்பது கிலோமீட்டர் மணல்மேடு, இரண்டு அறை வீடு, முப்பத்தொரு வருட வேலை. அலுவலகம் கொடுத்த காலணிகள் நான்கு ஜோடி, பெட்டி பிரிக்காமல் பரண்மேல் இருக்கின்றன. வாய் மட்டும் ஓயாது. நண்டுகளுக்குத் தனித்தனியாகத் திட்டு. முட்டை திருடும் உடும்புக்கு மச்சான் என்று பெயர். "மச்சான் கிளம்பிட்டாரு, விருந்துக்கு" என்று சிரித்துக்கொண்டே மண்ணாங்கட்டியைத் தேடுவார்.

கூட்டுக்குப் பக்கத்தில் அவர் குச்சி நடுவதில்லை. குச்சி இருந்தால் காக்கை வந்து உட்காரும். வேலிக் கம்பத்திலிருந்து கூடு வரை காலடியால் அளப்பார். எண்ணையும் திசையையும் வீட்டைப் பார்த்து உரக்கக் கத்துவார். வாசலில் மனைவி நோட்டில் எழுதிக்கொள்வார். "கேக்குது, எனக்கு ஒண்ணும் காது போகல" என்று பதில் வரும்.

மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. பழக்கம் அப்படியே இருக்கிறது. சென்ற வாரம் அடிவாரத்து வெளியில் புதுக் கூடு ஒன்றைக் கண்டார். அளந்தார், கத்தினார், தடத்தைச் சுத்தமாக அழித்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தார். நான்கு நாள் கழித்துத்தான் எண் நினைவில் இல்லை என்பது தெரிந்தது. நோட்டில் வெறும் பக்கம்.

அன்று காலை அந்த வெளி வழியாகத்தான் லாரி வரவேண்டும். மணல் தடுப்புக்கான தட்டிகளை ஏற்றி வரும் லாரி, கடல் ஏறுவதற்குள் இறக்கிவிட்டுத் திரும்பியாக வேண்டும். போன் எடுக்காத இடம். வராதே என்று சொல்லவும் முடியாது. முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு கூட்டையும் சக்கரத்துக்குக் கொடுத்ததில்லை.

விடுப்பில் வந்திருந்த மகள் தன் அளவைக் கருவியைக் காட்டினாள். "அன்னிக்கே இதுல ஒரு பட்டன அழுத்தியிருக்கலாமேப்பா."

"நான்தான் சொல்லிட்டேனேம்மா" என்றார் அவர்.

மகள் கருவியைப் பைக்குள் வைத்தாள்.

இறங்கித் தேடவும் வழியில்லை. முட்டை கூழாங்கல் போலிருக்கும். தேடுகிற காலே மிதித்துவிடும். தாய் திரும்பி வந்து உட்காரும் இடத்தைப் பார்த்தால்தான் உண்டு. ஆள் அரவம் கேட்டால் அது வராது. அப்பாவும் மகளும் மேட்டின் மறைவில் உட்கார்ந்தார்கள். ஒரு நண்டு அவர் பாதத்தின்மேல் ஏறிப் போயிற்று. உதடு துடித்தது, வார்த்தை வரவில்லை. நாற்பத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரம் அவர் வாய் மூடி மகள் பார்த்ததே இல்லை.

பறவை வந்தது. ஓடியது, நின்றது, ஒன்றுமில்லாத இடத்தில் கொத்துவதுபோல் பாசாங்கு செய்தது, மறுபடி ஓடியது. பழைய சக்கரத் தடங்கள் இரண்டுக்கும் நடுவே போய் அமர்ந்தது.

லாரிச் சத்தம் கேட்டதும் மகள் மேட்டின் பின்பக்கமாக ஓடி நிறுத்தினாள். ஓட்டுநர் குனிந்தபடி மேடேறி வந்தார்.

"அண்ணே, தண்ணி ஏறுது. அதான் எடம் தெரிஞ்சுபோச்சே, சுத்திக்கிட்டுப் போயிடறேன்."

"அரை மணி பொறுப்பா. வெயில்ல ஒத்தையா உக்காந்திருக்கு. ஜோடி வந்து மாத்திவிடும். இப்ப வண்டி போனா இது ஓடிடும், மூடி உக்கார இன்னொண்ணு இல்ல, முட்டை வெந்துபோகும்."

ஓட்டுநர் கடலைப் பார்த்தார். பறவையைப் பார்த்தார். "ஜோடி வரலைன்னா?"

காவலர் பறவைமீதிருந்து கண்ணை எடுக்கவில்லை. தனக்குப் பக்கத்து மணலை உள்ளங்கையால் சமன்செய்து, உட்காரச் சொல்லி இரண்டு முறை தட்டிக் காட்டினார்.