புட்டியின் மேல் என் பெயர்

அது முதலில் இருமல் மருந்துப் புட்டி. வெந்நீரில் நாலைந்து தடவை அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்து, துண்டுக் காகிதத்தில் இங்கிலீஷில் பெயரெழுதிக் கோந்து தடவி ஒட்டினேன். எழுதியது என் பெயர். உள்ளே இருந்தது என் மனைவியின் சிறுநீர். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் கை சற்று நின்றுவிட்டுத்தான் நகர்கிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்களுக்குப் பெண் பிறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மனைவிக்கு ஓயாத தாகம். எழுந்து நின்றால் தலை சுற்றியது. குடும்ப டாக்டர் சிறுநீரைச் சோதித்துவிடலாம் என்றார். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் டவுனுக்கு ஆபீஸ் போகிறவன். போகிற வழியில் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த மாதிரிப் புட்டியின் மேல் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளையின் பெயரை எழுதி, அதை நாலு பேர் நடுவில் யாரோ உரக்கப் படிப்பதா? மானம் போய்விடும் என்று தோன்றியது. சோதிக்கப்போவது உள்ளே இருப்பதைத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மானம் என்பது எவ்வளவு அசட்டுத்தனமான இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது!

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது சோதனை அறை. அங்கே வேலை பார்த்தவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தொட்ட மனிதர். ஸ்பிரிட் விளக்கின் எதிரே உட்கார்ந்து உட்கார்ந்து கண் சிவந்திருக்கும். நீல மருந்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, கொதிக்கவைத்துப் பார்ப்பார். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாற மாறச் சர்க்கரை அதிகம். ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் சீட்டு எழுதுவார். நாள் முழுவதும் பிறத்தியார் வியாதியை நிறம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வேறென்ன வரும் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

என் குழாய் மஞ்சளாக மாறியது. "சர்க்கரை இருக்கு சாமி. டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றார். சீட்டில் இருந்த என் பெயரை, கொண்டுபோனவன் பெயர் என்று எடுத்துக்கொண்ட டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. சாதம் கூடாது, கிழங்கு கூடாது, குழந்தைக்குப் பால் கொடுக்கவே கூடாது, உடம்பு தாங்காது என்றார். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு அழுகைகள் கேட்டன. ஒன்று சத்தமாக, ஒன்று சத்தமில்லாமல். மார்பு கட்டி வலி பொறுக்காதபோது அவள் கொல்லைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சித் தென்னைமரத்தடியில் விட்டுவிட்டு வருவாள். உள்ளே குழந்தை பசும்பாலைக் குடிக்க மாட்டேன் என்று, புகட்டுகிற பாலாடையைத் தட்டிவிடும். பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றேன்.

பன்னிரண்டு நாள் பத்தியத்துக்குப் பிறகு டாக்டர் இன்னொரு தடவை சோதிக்கச் சொன்னார். அப்போதும் மஞ்சள்தான் என்றால் திங்கட்கிழமை முதல் இன்சுலின் ஊசி. மறுபடி அதே புட்டி, அதே பெயர். மறுபடி மஞ்சள். இந்தத் தடவை பாய் சீட்டை எழுதாமல் என்னையே ஏற இறங்கப் பார்த்தார்.

"பத்தியம் இருக்கீங்களா சாமி?"

"கடுமையா."

"ஆளு இளைக்கவே இல்லையே. இப்பத்தான் வெத்தலை போட்டு வந்த மாதிரி இருக்கீங்க. ஊசி வரைக்கும் போகுது, ஒளிக்காம சொல்லுங்க. இது உங்களதுதானா?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர், "கைக்குழந்தை இருக்கா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் விளக்கை அணைத்தார். பால் கொடுக்கிற தாய்மார் சிலருக்குப் பாலின் சர்க்கரையே சிறுநீரில் இறங்கும்; பால் கட்டிக்கொண்டால் இன்னும் அதிகமாக. நீல மருந்துக்கு அதுவும் சர்க்கரைதான், வித்தியாசம் தெரியாது. அதனால் பிள்ளை பெற்றவர்களின் புட்டி வந்தால் இரண்டாவது சோதனை ஒன்று செய்யாமல் சீட்டுக் கொடுப்பதில்லை என்றார். "ஆம்பளை பேரைப் பார்த்து எப்படி சாமி செய்வேன்? புட்டி பேசாது. கூட வர்றவங்கதான் பேசணும்."

இரண்டாவது சோதனைக்கு ஈஸ்ட் வேண்டும். கண்டோன்மெண்ட் பக்கம் ரொட்டிக்கிடங்கு ஒன்று இருந்தது. என்னையே போய் வாங்கி வரச் சொன்னார். நெற்றியில் திருமண்ணோடு, கள் வாடை அடிக்கிற இலைப்பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியே நடந்தேன். தெரிந்தவர்கள் எதிரே வந்தார்கள். அன்று எனக்கு வெட்கமாக இல்லை, பயமாக இருந்தது. ரத்தத்துச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று நுரைக்கும், பாலின் சர்க்கரையைத் தொடாது என்று பாய் விளக்கினார். ஒரு குழாயில் குளுக்கோஸ் தண்ணீர், இன்னொன்றில் புட்டியில் இருந்தது. இரண்டிலும் ஈஸ்ட்டைக் கரைத்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்தார். மறுநாள் காலை போனபோது முதல் குழாயில் நுரை பொங்கியிருந்தது. எங்கள் குழாய் அசையாமல் நின்றது. அதை நீல மருந்தில் மறுபடி கொதிக்கவைத்தார். அதே மஞ்சள்.

"பால்தான் சாமி. வியாதி இல்லை. தாகமும் தலைசுத்தலும் பால் கொடுக்கிறவங்களுக்கு வர்றதுதான். ஊசி போட்டிருந்தா இருக்கிற ரத்தச் சர்க்கரையும் இறங்கி ஆளே போயிருக்கும்," என்றார். பிறகு தணிந்த குரலில், "நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்றே சாதம் போட்டார்கள், குழந்தையை மடியில் கொடுத்தார்கள். ஆனால் மார்பு வற்றத் தொடங்கியிருந்தது; குழந்தையும் பழக்கம் மறந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. பத்து நாள் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பெண் பசும்பாலில் வளர்ந்தாள். நோஞ்சானாக, ஆனால் வளர்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்றுதான் மனைவியிடம் சொன்னேன். பழியை அந்த நல்ல மனிதர் தலையில் போட்டேன்.

பிறகு அந்தப் பக்கம் போனபோதெல்லாம் பாய் குழந்தையை விசாரிப்பார். புட்டியோடு நிற்கிற ஆண்கள் ஒவ்வொருவரிடமும், "இது உங்களதா, வீட்டுல உள்ளவங்களதா?" என்று கேட்பது வராந்தா வரை கேட்கும். கேட்டதும் நான் நடையை எட்டிப்போடுவேன். அவர் வேலையை விட்டுப் போனதையும் காலமானதையும் தாமதமாகத்தான் அறிந்தேன். ஒரு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு நேரம் வாய்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

போன வாரம் எனக்கே அசதியும் தாகமும். டாக்டர் ஒரு புட்டியைக் கொடுத்தார். ஒட்டுவதற்குக் காகிதமும் அதிலேயே இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி அதை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"உங்க பேரையே எழுதுங்கோ. இந்தத் தடவை அது சரியா இருக்கும். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுதான்; ஆனா ஆபீஸ் கவர்லெல்லாம் தினம் பார்த்த பேர். அன்னிக்குப் புட்டியிலயும் பார்த்தேன்."