கரியில் பட்ட விரல்

மின்சாரம் நின்று குப்பி விளக்கை ஏற்றியதும், அந்த மண்ணெண்ணெய்ப் புகை என்னைக் கடலோரச் சல்லிக் கிராமத்தில் இருந்த எங்கள் சமையல் குசினிக்குக் கொண்டுபோனது. இரையென்று மீன்களை ஏமாற்றத் தூண்டிலுக்கு ஈய மீன் வார்க்கும் அப்பா, ஈயத்தில் சுருக்கம் விழக்கூடாதென்று அச்சின் உட்புறத்தை விளக்குப் புகையில் கரிபிடிக்க வைப்பார்.

"மீன் என்ன, வடிவு பார்த்தே கடிக்குது?" என்பார் அம்மா.

ஒருநாள் அந்தக் கரியைத் தொட்டுவிட்டேன். கரி அழிந்த இடத்தில் ஈயம் சொரசொரத்து, மீனின் வயிற்றில் என் விரலளவு வடு விழுந்தது. பழுதானவற்றை மறுபடி உருக்கிவிடும் அப்பா, அதை உருக்கவில்லை.

"பிள்ளையின்ர கை பட்டது. இருக்கட்டும்."

மூன்றாம் நாள் ஒரு பெரிய பாரை மீன் அதை நூலோடு அறுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த வீடு இப்போது இல்லை. என் விரல் அடையாளம் கடலுக்கடியில் கிடக்கிறது.